பிலிமா, டிஜிற்றலா? வன்னியில் ஸ்ரூடியோ திறக்க நினைப்பவருக்கு ஓர் ஒப்பீடு

புதுக்குடியிருப்பில் கடையறை ஒன்றுக்கு முற்பணம் கொடுத்துவிட்டு வந்த என் தங்கையின் மகன், மாரி ஓய்ந்த கையோடு, ஒரு பையுடனும் ஒரு கொப்பியுடனும் எங்கள் வீட்டு விறாந்தையில் வந்து அமர்ந்தான். பைக்குள் இருந்தது, ரொறன்ரோவிலிருந்து வந்த அவனுடைய பெரியப்பா கொடுத்துவிட்டுப் போன பென்ராக்ஸ் கே1000 பிலிம் கமரா. கொப்பியில் இருந்தவை, கொழும்பில் விசாரித்துக் குறித்துவந்த டிஜிற்றல் கமராக்களின் விலைகள். கையிலுள்ள காசுக்குப் பாவித்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள டிஜிற்றல் கமரா) ஒன்றும் இரண்டு லென்ஸ்களும் வாங்கலாம். அல்லது புதிய மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத வகை) ஒன்றும் ஒரேயொரு லென்ஸும் வாங்கலாம். அவனுக்கு மூன்றாவதாகவும் ஓர் ஆசை இருந்தது. "வெளிநாட்டில பிலிம் திரும்பி வருதாம் மாமா. கலியாணத்துக்குப் பிலிமிலயும் எடுத்துத் தாறன் எண்டு போர்ட் போட்டால், இங்க வேறை ஆக்கள் செய்யாத ஒண்டாயிருக்கும்" என்றான். இருட்டறையில் பத்து ஆண்டுகளும் கணினிக்கு முன்னால் அதைவிடக் கூடிய காலமும் இருந்தவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னவற்றை, அதே இடத்தில் நிற்கும் மற்றவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

தெரிவுக்கே இடமில்லாத பகுதியை முதலில் ஒதுக்கிவிடலாம். எங்கள் பக்கத்தில் ஒரு ஸ்ரூடியோவின் அன்றாடச் சோறு கலியாணத்திலிருந்து வருவதில்லை. அடையாள அட்டைப் படம், கடவுச்சீட்டுப் படம், பாடசாலைக் குழுப்படம், அந்தியேட்டிக் கல்வெட்டு என்னும் நினைவு மலருக்குப் போடும் படம் என்பவைதாம் வாடகையைக் கட்டுகின்றன. அடையாள அட்டைக்கான படத்தை ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிவுசெய்த ஸ்ரூடியோ எடுத்து, இணையம் வழியாகவே அனுப்ப வேண்டும் என்பது இப்போதைய நடைமுறை. சாதாரண தரப் பரீட்சைக்கு முன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரிசையில் நிற்கும் தாய்மாரிடம், பிலிம் முடியட்டும், கழுவி வரட்டும் என்று எந்தப் படப்பிடிப்பாளரும் சொல்ல முடியாது. ஆகவே ஒரு டிஜிற்றல் கமரா கட்டாயம். பிலிமையும் சேர்த்து வைத்துக்கொள்வதா, எந்த டிஜிற்றல் கமராவை வாங்குவது, எடுத்த படங்களை எப்படி வைத்திருப்பது என்ற மூன்றும்தான் உண்மையில் முடிவெடுக்க வேண்டியவை. மூன்றாவதைப் பற்றி அவனுடைய கொப்பியில் ஒரு வரியும் இருக்கவில்லை.

பிலிமுக்கு நியாயமாக ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மின்சாரமே இல்லாதிருந்த, பொருளாதாரத் தடையால் சின்னப் பற்றரிகூடக் கிடைப்பது அரிதாக இருந்த 1990களில், கே1000 போன்ற கமராக்கள்தான் எங்களைத் தொழிலில் வைத்திருந்தன. அதன் ஷட்டர் முழுக்க முழுக்கப் பொறிமுறையில் இயங்குவது. ஒரு செக்கனிலிருந்து செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை எல்லா வேகங்களும் பற்றரி இல்லாமலே வேலை செய்யும். பற்றரி வேண்டியிருப்பது ஒளியளவு காட்டும் முள்ளுக்கு மட்டுமே. முள் அசையாத கமராவுடன் வெயிலைப் பார்த்து அளவு வைக்கப் பழகியவர்கள் நாங்கள். படத்தைப் பெருப்பிக்கும் கருவியின் விளக்கை உழவு இயந்திரப் பற்றரியில் கொழுவி எரித்தோம். 2022இல் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது, கணினியும் பிறின்ரரும் வாய் மூடிக் கிடக்க, அந்த விளக்கை நான் நினைத்துக்கொண்டேன் என்பதை மறைக்கவில்லை.

ஆனால் கமரா மட்டும் பிலிம் தொழிலாகிவிடாது. பின்னால் ஒரு சங்கிலி வேண்டும். கறுப்பு வெள்ளைப் பிலிமைக் கழுவும் மருந்து 20 பாகை செல்சியசை ஒட்டி இருக்க வேண்டுமென்று பொட்டலத்தில் எழுதியிருக்கும். பங்குனி, சித்திரையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரே அதைவிட ஏழெட்டுப் பாகை கூட. சூடான மருந்தில் நேரம் குறுகும், படம் முரடாகும், பிலிமின் ஜெலற்றின் பூச்சு இளகி, விரல் பட்டாலே உரிந்து வரும். முல்லைத்தீவில் மீன் பெட்டிக்கு வரும் ஐஸில் ஒரு துண்டை வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து, மருந்துச் சட்டியைச் சுற்றிப் போட்டுக் கழுவியிருக்கிறேன். கலர் பிலிமுக்கு நிலைமை நேர்மாறு: மருந்து 37.8 பாகையில், ஏறத்தாழ ஒரு பாகையின் கால்பங்குகூட விலகாமல், மூன்றே கால் நிமிடம் நிற்க வேண்டும். அது இயந்திரம் வைத்திருக்கும் லாப்பின் வேலை. 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, எங்கள் றோல்கள் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய்ப் படமாகத் திரும்பி வந்தன. போர் மீண்டும் மூண்டு போக்குவரத்து இறுகியபோது, போன சில றோல்கள் திரும்பவேயில்லை. இன்று பாதை திறந்திருக்கிறது. ஆனால் பஸ்ஸில் அனுப்பினால் நாளைக்கே கழுவித் தரும் லாப் பக்கத்தில் இல்லை. பென்ராக்ஸ் பெயரில் 2024இல் ஒரு புதிய பிலிம் கமரா வெளிவந்தது உண்மைதான். ஆனால் ரொறன்ரோவில் திரும்பி வரும் பிலிம், புதுக்குடியிருப்புக்கு மருந்தையும் இயந்திரத்தையும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

செலவைப் பார்க்கும்போது பலர் விடும் பிழை, கமராவின் விலையை மட்டும் ஒப்பிடுவது. பிலிமில் நுழைவது மலிவு. பிறகு ஒவ்வொரு அமுக்கலுக்கும் காசு. ஒரு றோலில் 36 படம். ஒரு கலியாணத்துக்கு ஆறு றோல் என்று வைத்தால் 216 படம், அவ்வளவுதான். டிஜிற்றலில் நுழைவது பாரம்; பிறகு இரண்டாயிரம் படம் எடுத்தாலும் அந்த நாளில் மேலதிகச் செலவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு இரவுகள் கணினிக்கு முன்னால் இருந்து நல்ல படங்களைத் தெரிந்தெடுக்க வேண்டும், ஐந்தாறு வருடங்களுக்கு ஒருமுறை கணினியும் டிஸ்கும் மாற்ற வேண்டும். 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து சில கிழமைகளில் 350 ரூபாயைத் தாண்டியபோது இந்த வேறுபாடு நன்றாகவே தெரிந்தது. கமரா கையிலிருந்தவர்கள் புதிதாக எதையும் வாங்காமல் தாக்குப்பிடித்தார்கள். அதே காலத்தில் ஒவ்வொரு றோலையும் இறக்குமதி விலையில் வாங்கித் தொழில் செய்ய வேண்டியிருந்தால், இரண்டாவது மாதத்தில் கடையைப் பூட்டியிருப்பார்கள்.

பிலிமின் அழகைப் பேசுபவர்கள் அதன் குருட்டுத்தன்மையைப் பேசுவதில்லை. மல்லாவியில் ஒரு சாமத்தியவீடு. ஆரத்தி நடந்துகொண்டிருந்தபோது கமராவின் எண்காட்டி 36ஐத் தாண்டி 37 காட்டியது. ஒரு படம் கூட விழுவது வழக்கம்தான் என்று சந்தோசப்பட்டேன். 38 என்று காட்டியதும் வயிற்றில் புளி கரைத்தது. இடது பக்கத்திலுள்ள, பிலிமைத் திருப்பிச் சுற்றும் குமிழைப் பார்த்தேன். பிலிமை முன்னே தள்ளும் ஒவ்வொரு தடவையும் அந்தக் குமிழ் தானாகத் திரும்ப வேண்டும். அது அசையாமல் நின்றது. பிலிமின் நாக்குப் பற்சில்லில் கொழுவப்படவேயில்லை. மஞ்சள் நீராட்டிலிருந்து ஆரத்தி வரை நான் எடுத்தது ஒரே இடத்தில் நின்ற வெறும் பிலிம், அதுவும் ஒளியே படாத உறைக்குள். தகப்பனிடம் சொல்லி, பிள்ளையை மறுபடி அலங்கரித்து, பாதிச் சடங்கைத் திரும்ப நடத்தி எடுத்தோம். தாய்மாமன் இரண்டாம் தடவை மாலையை எடுத்தபோது பார்த்த பார்வை எனக்கு இன்னும் ஞாபகம். டிஜிற்றல் கமராவின் பின்புறத்தில் உள்ள திரை இந்த ஒரு பயத்தை இல்லாமல் செய்தது. என்னைக் கேட்டால், மற்ற எல்லா வசதிகளையும் விட அதுவே பெரிது.

ஒளி விடயத்தில் ஒப்பீடு இரண்டு பக்கமும் போகிறது. வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கு வெளிச்சமும் தூரத்து மின்குமிழும் சேர்ந்த அந்த வெளியில், ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன்) 400 பிலிமையும் வாய் பெரிய லென்ஸையும் வைத்துக்கொண்டு, ஷட்டர் வேகம் செக்கனின் பதினைந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறாது. காவடி ஆடுபவர் படத்தில் புகையாக நிற்பார். அதே லென்ஸுடன் டிஜிற்றலில் 6400 வைத்தால் பதினாறு மடங்கு உணர்திறன் கிடைக்கிறது. வேகம் 250இல் ஒரு பங்காகிறது. காவடியின் மயிலிறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது. இரவைப் பொறுத்தவரை பேச்சுக்கே இடமில்லை.

பகலில் அப்படியல்ல. கலர் நெகற்றிவ் பிலிம் வெளிச்சம் கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் சேறாகிவிடும். டிஜிற்றல் இதற்கு எதிர்மாறு: நிழலில் மறைந்ததைப் பிறகு தோண்டி எடுக்கலாம், வெளிச்சத்தில் வெந்துபோனதை எடுக்கவே முடியாது. பன்னிரண்டு மணி வெயிலில் வெள்ளை வேட்டியும் பட்டுச் சால்வையுமாக நிற்கும் மாப்பிள்ளையை, பிலிமில் பழகிய கையோடு கொஞ்சம் தாராளமாக ஒளி கொடுத்து எடுத்தால், வேட்டி ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டாகிவிடும். மடிப்பும் கரையும் எந்த மென்பொருளுக்கும் திரும்பி வராது. பிலிமிலிருந்து மாறிய எங்களில் பலர் முதல் இரண்டு வருடங்களில் கெடுத்த படங்கள் இந்த வகைதான். அதனால் மருமகனுக்குச் சொன்னேன்: வேட்டிக்கு அளவு வை, முகத்தைக் கணினியில் தூக்கு. தூக்கும்போது முகத்தை வெள்ளையாக்காமல் தூக்கு என்றும் சொன்னேன். "கொஞ்சம் வெள்ளையா வரட்டும் தம்பி" என்று எல்லோரும் கேட்பார்கள்; பேத்தி அந்த அல்பத்தைத் திறக்கும்போது அம்மம்மா யாரென்று தெரிய வேண்டாமா?

இனி டிஎஸ்எல்ஆரா மிரர்லெஸ்ஸா என்பது. கடைக்காரர் மிரர்லெஸ்ஸைத்தான் நீட்டுவார்; எதிர்காலம் அதுவே என்பதிலும் தவறில்லை. கனன், நிக்கொன் இரு நிறுவனங்களும் 2020க்குப் பின் புதிய டிஎஸ்எல்ஆர் எதையும் வெளியிடவில்லை. ஆளின் கண்ணைத் தேடிப் பிடித்துக் குவியம் வைப்பதிலும், சத்தமில்லாமல் எடுப்பதிலும் மிரர்லெஸ் மேல். மடுமாதாவின் ஆவணித் திருவிழாவில் பூசை நேரத்தில் 'டக் டக்' என்று கேட்காமலிருப்பது சின்ன விடயமல்ல. இருந்தும், இன்றைய நிலையில் வன்னியில் தொடங்குபவருக்கு நான் பாவித்த டிஎஸ்எல்ஆரையே சொல்வேன்.

பற்றரியைப் பாருங்கள். ஒரே அளவுகோலில் அளந்த கணக்கின்படி, நிக்கொன் டி750 ஒரு பற்றரியில் 1230 படம் எடுக்கும். முழுச் சட்டக (படம் பதியும் சென்சர் 35 மில்லிமீற்றர் பிலிம் சட்டத்தளவு உள்ள) மிரர்லெஸ்ஸில் மலிவானதாக வந்த கனன் ஆர்பி 250 படம். சோனி ஏ7 மூன்றாம் தலைமுறை 710 வரை போகும். ஆனால் மருமகனின் கொப்பியில் அந்த விலைக்கு இடமில்லை. ஒலுமடுவிலோ ஐயன்கன்குளத்திலோ விடியப்புறம் நாலு மணிக்குத் தொடங்கும் கலியாணத்துக்கு ஒரு பற்றரியோடு போகலாமா, நாலு பற்றரி கட்டிக்கொண்டு போக வேண்டுமா என்பது இந்த இலக்கத்தில்தான் இருக்கிறது. அடுத்தது புழுதி. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கிறவல் ஒழுங்கையோரம் லென்ஸை மாற்றுவதைத் தவிர்க்க முடியாது. டிஎஸ்எல்ஆரில் லென்ஸைக் கழற்றினால் உள்ளே கண்ணாடியும் ஷட்டரும் சென்சரை மறைத்து நிற்கும். மிரர்லெஸ்கள் பலவற்றில் சென்சர் திறந்த வாயோடு புழுதியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு ஒவ்வொரு படத்தின் வானத்திலும் ஒரே இடத்தில் ஒரே கரும்புள்ளி.

பாவித்ததை வாங்குபவர் வெளிப்புறக் கீறலைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. ஷட்டர் எத்தனை தடவை விழுந்திருக்கிறது என்ற கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். டி750இன் ஷட்டர் ஒன்றரை இலட்சம் தடவைக்குச் சோதிக்கப்பட்டது. ஐம்பதாயிரத்துக்குள் இருந்தால் துணிந்து வாங்கலாம். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி நூல் போலப் பூஞ்சணம் ஓடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். லென்ஸ் நாளைக்கு மிரர்லெஸ்ஸுக்குப் போகும்போதும் இணைப்பி போட்டால் கூடவே வரும். நிக்கொனில் மட்டும், உள்ளே தன் மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்களுக்கு இன்றுள்ள நிக்கொன் இணைப்பியில் தானியங்கிக் குவியம் வேலை செய்யாது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொப்பியில் இல்லாத மூன்றாவது விடயத்துக்கு வருகிறேன்.

என் ஸ்ரூடியோவில் நெகற்றிவ்கள் எல்லாம் இலக்கமிட்ட கடித உறைகளில், மரப்பெட்டிகளில் இருந்தன. 2009க்குப் பிறகு ஊருக்குத் திரும்பியபோது கட்டடமும் இல்லை, பெட்டிகளும் இல்லை. அந்த உறைகளில் இருந்தவர்களின் வீடுகளிலும் அல்பங்கள் இல்லை. காணி உறுதியையும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தையும் பொலித்தீனில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு இடம் மாறி இடம் மாறி நடந்தவர்களுக்கு அல்பம் பாரமாக இருந்தது. ஆனாலும் படங்கள் வந்தன. சுவிசிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தன. கலியாணமும் சாமத்தியவீடும் முடிந்ததும் நாங்கள் இரண்டு பிறின்ற் போட்டுக் கொடுத்தோமே, அதில் ஒன்று கடிதத்தோடு வெளிநாட்டு உறவுக்குப் போயிருந்தது. அது அங்கே ஒரு லாச்சிக்குள் கிடந்து தப்பியது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, அவர்கள் மார்போடு பிடித்திருந்த படங்களைத் தொழில்காரன் கண்ணோடு பார்த்தேன். அரைவாசிக்கு மேல், குழுப்படத்திலிருந்து வெட்டியோ அடையாள அட்டை அளவிலிருந்தோ பெருப்பித்தவை. தோளில் வேறு யாரோ போட்ட கை அப்படியே நிற்கும்.

அந்தப் படங்களைக் காப்பாற்றியது பிலிம் என்று சொல்ல மாட்டேன். என் பிலிம் முழுவதும் அழிந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட பிரதி, ஒன்றுக்கொன்று தூரமான இடங்களில் இருந்ததுதான் காப்பாற்றியது. பிலிம் காலத்தில் படத்தைப் பார்ப்பதற்கே பிறின்ற் போட வேண்டியிருந்ததால் அந்தப் பிரதிகள் நாம் நினைக்காமலே உருவாகின. டிஜிற்றலில் பிரதி எடுப்பது அதைவிட எத்தனையோ மடங்கு சுலபம். ஆனால் நினைத்து எடுத்தால்தான் உண்டு. நானே அதைக் காசு கொடுத்துப் படித்தேன். ஓர் ஐப்பசி மாத மின்னலில் கணினியோடு சேர்ந்து ஹாட் டிஸ்கும் போனது. ஒரு குடும்பத்தின் கலியாணத்தில் எடுத்த ஆயிரத்து எண்ணூறு படங்களில், அல்பத்துக்கென்று பிறின்ற் போட்டிருந்த அறுபது மட்டுமே மிஞ்சின.

எனவே வைப்பிடங்களையும் கமராவைப் போலவே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 24 மெகாபிக்சல் கமராவின் ரோ கோப்பு (கமரா பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) ஒன்று ஏறத்தாழ 28 மெகாபைற். இரண்டாயிரம் படம் என்றால் 56 ஜிகாபைற். இதை எங்கள் சிக்னலில் இணையச் சேமிப்புக்கு ஏற்றுவது நடக்காத காரியம். கூகுள் இலவசமாகத் தருவதே 15 ஜிகாபைற்தான். ஆனால் தெரிந்தெடுத்துச் சுருக்கிய முன்னூறு ஜேபெக் படங்கள், ஒன்று 8 மெகாபைற் என்றால், 2.4 ஜிகாபைற், ஓர் இரவில் ஏறிவிடும். ஆகவே முழுவதும் இரண்டு டிஸ்கில், ஒன்று கடையில், மற்றது வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில், மின்னிணைப்பில் கொழுவாமல்; தெரிந்தெடுத்தவை இணையத்தில். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம், அங்கே இருக்கிறதுதானே என்று நம்புவது பிழை. வழமையான முறையில் அனுப்பினால் அது படத்தின் நீளப் பக்கத்தை 1600 புள்ளிகளுக்குக் குறைத்துவிடும்; தபாலட்டை அளவு பிறின்றுக்குப் போதும், சுவரில் மாட்டும் படத்துக்குப் போதாது. டிவிடியில் எழுதிக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே தேவையில்லை. அதைப் போட்டுப் பார்க்கும் கணினி யார் வீட்டிலும் இல்லை.

பிறின்ற் இவை எல்லாவற்றிலும் பழையது, இன்னும் உறுதியானது, கறையானைத் தவிர. அல்பத்தை நிலத்தில் வைக்க வேண்டாம், சுவரோடு ஒட்டிய இராக்கையிலும் வைக்க வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன். பிலிம் றோலுக்குப் போகாமல் மிச்சப்படும் காசில் ஒரு பங்கைக் கலியாணக் கணக்கிலேயே சேர்த்து, நூறு சிறிய பிறின்ற்களை இரண்டு தொகுதியாகப் போட்டுக் கொடுக்கும்படி மருமகனுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறானா பார்ப்போம்.

அப்படியானால் கே1000ஐ என்ன செய்வது? கலியாணத்துக்குப் பிலிம் என்று பெயர்ப்பலகையில் போட வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால் பிலிமைத் தெரிந்தவனுக்கு இங்கே வேறு ஒரு வேலை காத்திருக்கிறது. வெளிநாட்டு லாச்சிகளிலிருந்து நெகற்றிவ் துண்டுகளும் பழைய பிறின்ற்களும் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பிரதி எடுத்துக் கொடுக்க ஆள் குறைவு. அதற்குத் தட்டை ஸ்கானர் வாங்குவதா, இருக்கும் டிஎஸ்எல்ஆரில் மிகக் கிட்டத்தில் எடுக்கும் மக்ரோ லென்ஸ் போட்டு ஒளித்தட்டின் மேல் வைத்து எடுப்பதா என்றால், இரண்டாவதே வேகம், செலவும் குறைவு. நெகற்றிவில் எந்தப் பக்கம் பூச்சு, கலர் நெகற்றிவின் செம்மஞ்சள் திரையை எப்படி நீக்குவது, வெளிறியதில் எந்த நிறம் முதலில் போயிருக்கும் என்பதெல்லாம் அந்தப் பழைய கமராவில் நாலு றோல் எடுத்துக் கழுவிப் பார்த்தவனுக்குத்தான் கைவரும். ஆகவே கமரா, சிலிக்கா ஜெல் போட்ட பெட்டிக்குள், படிப்பதற்காக இருக்கட்டும்.

சென்ற மாதம் முள்ளியவளையிலிருந்து ஓர் அம்மா, சட்டகத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன ஒரு படத்தைக் கொண்டுவந்தார். மழைத் தண்ணீர் இறங்கி, பூச்சு ஊதி, பையனின் இடது காதும் சட்டையின் கொலரும் கண்ணாடியில் பிடித்துவிட்டன. உரித்துத் தரும்படி கேட்டார். உரித்தால் காது கண்ணாடியோடு போய்விடும் என்று சொல்லி, மருமகனைக் கூப்பிட்டு, கண்ணாடியை வெளிப்புறம் மட்டும் துடைத்து, இரண்டு பக்கமும் சரிவாக விளக்கு வைத்து, கமராவின் நிழல் கண்ணாடியில் தெரியாதபடி கறுப்புத் துணியில் ஓட்டை போட்டு அதன் வழியாக லென்ஸை நீட்டி, அப்படியே எடுக்க வைத்தேன். இரண்டு பிறின்ற் போட்டோம். ஒன்றைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டார். மற்றதை மன்னாரில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொல்லி, கொப்பியின் கடைசிப் பக்கத்தில் முகவரியை எழுதிவிட்டுப் போனார்.